முன்னூறு வருஷக் கோயிலைப் பார்த்து வந்தோம்

கூத்தாநல்லூர் என்றதும் பெரிய பெரிய வீடுகளும், சிங்கப்பூர், மலேசியா போய்ச் சம்பாதித்தவர்களும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 'சின்ன சிங்கப்பூர்' என்றே எங்கள் ஊரைச் சொல்வார்கள். முஸ்லிம் மக்கள் அதிகமாக வாழும் ஊர். சுற்றிலும் நெல் வயல். இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் எங்கள் சபையின் சின்ன ஆலயம் இருக்கிறது. மொத்தம் நாற்பத்திரண்டு குடும்பங்கள். பாதிப்பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி ராத்திரி கஜா புயல் அடித்ததே, அதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. குடிசைகளுக்குக் கூரையே இல்லை. குடிசையில் இருந்தவர்கள் நடு ராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குத்தான் ஓடி வந்தார்கள். வந்த கொஞ்ச நேரத்தில் ஆலயத்துச் சீமை ஓடுகளும் பறக்க ஆரம்பித்துவிட்டன. பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் நனையாமல் இருந்தது. கைக்குழந்தைக்காரிகளை அங்கே உட்கார வைத்து, மற்றவர்கள் ஜமுக்காளத்தைத் தலையில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய்தான், மாற்றி மாற்றிக் கட்டி இத்தனை வருஷம் ஓடிற்று. நடுவில் கொரோனா வேறு வந்து எல்லாவற்றையும் தள்ளிப் போட்டது. போன வருஷம் ஒரு கைமரம் செல்லரித்து ஆராதனை நேரத்திலேயே 'மளுக்'கென்று சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் சபைக் கூட்டம் போட்டார்கள்.

ரெண்டு கட்சி

கூட்டத்தில் ரெண்டு கட்சி ஆகிவிட்டது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், "இதை இடிச்சிட்டு கான்கிரீட்டுல பெரிசாக் கட்டிடுவோம். புள்ளைங்க பணம் அனுப்பறேங்குது" என்றார்கள். வயசானவர்கள் விடவில்லை. "எங்க அப்பனுக்கு ஞானஸ்நானம் குடுத்த இடம். எங்க உசிரு இருக்கிறவரைக்கும் கடப்பாரை விழக்கூடாது" என்று ஒரு பெரியவர் எழுந்து நின்று அழுதே விட்டார்.

வயல் வேலைக்குப் போகிறவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு உள்ளே வேறு பயம். புதிசாகக் கட்டினால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கட்ட முடியாதவர்கள் எந்த முகத்தோடு ஆலயத்துக்கு வருவது? கூட்டம் முடிந்து போகும்போது, "அக்கா, வரி போட்டா நாங்க வேற எங்கயாச்சும் போயிடுவோம்" என்று ஒரு பெண் என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது.

பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் எங்கள் பக்கத்து வீட்டம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் முஸ்லிம். "நீங்க ஒருதடவ நாலு எடத்தப் போய்ப் பாத்துட்டு வாங்கக்கா. எங்க பள்ளிவாசல்ல வேலை செய்யறப்ப அப்படித்தான் செஞ்சாங்க. வர்ற பணம், போற பணம் எல்லாத்தையும் எழுதி வெளியில ஒட்டிடுவாங்க. கணக்குத் தெரிஞ்சா பாதிச் சண்டை வராது" என்றார்கள். இது நல்ல யோசனையாகப் பட்டது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் போதகர் ஐயாவிடம் சொன்னார். ஐயாவும், "ரெண்டு கட்சியிலேயும் ஆளு வரட்டும். பொம்பளைங்களும் வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வேளாங்கண்ணியில் பார்த்தது

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை, விடியற்காலையில் ஒரு வேனில் பதினான்கு பேர் கிளம்பினோம். அதில் பெண்கள் ஐந்து பேர். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், ஒரு குடம் மோர். சம்பா அறுவடை பாதி முடிந்திருந்தது. அறுத்த வயல்களில் உளுந்து முளைத்துப் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரிந்தது. திருவாரூர் தாண்டி நாகப்பட்டினம் போய், முதலில் தெற்கே திரும்பி வேளாங்கண்ணிக்குப் போனோம்.

வேளாங்கண்ணி கத்தோலிக்கக் கோயில். நாங்கள் வேறு சபை. ஆனாலும் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. 1962-ல் அந்த ஆலயம் பசிலிக்கா ஆயிற்று. கூட்டம் பெருகிப் பெருகி இடமே போதாமல் போனபோது அவர்கள் பழைய கோயிலை இடிக்கவில்லை. 1974, 75-ல் பின்பக்கமாக நீட்டி, இரண்டு அடுக்காகக் கட்டிக்கொண்டார்கள். முன்னால் பழைய மாதா கோயில் அப்படியே இருக்கிறது. சுற்றி வந்து பார்த்த பிறகு, 'இடி' கட்சியில் இருந்த ஒருவர் முதல் தடவையாக, "இடிக்காமலும் பெருசு பண்ணலாம் போலிருக்கே" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

தரங்கம்பாடியில்

அங்கிருந்து வடக்கே நாகூர், காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி. முன்பு நாகப்பட்டினம் மாவட்டம். 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். திருக்கடையூர் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊரையும் அவசியம் பாருங்கள். பழைய நுழைவாயிலைத் தாண்டினால் நேராக ராஜ வீதி. வீதியின் கடைசியில் கடல். 1620-ல் டென்மார்க் தேசத்தார் வந்து தஞ்சாவூர் நாயக்க ராஜாவிடம் இடம் வாங்கிக் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை கரையிலேயே இருக்கிறது. 1845-ல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். பாண்டிய ராஜா காலத்தில், எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கரையில் பெரிய பெரிய பாறைகளாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "நம்மளுக்கு மட்டும்தான் இந்தக் கவலைன்னு நெனச்சேன்" என்றார்.

நாங்கள் பார்க்க வந்தது புது எருசலேம் ஆலயம். சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9-ஆம் தேதி, இருபத்து நாலு வயசு நிரம்புவதற்கு ஒரு நாள் முன்னால், இந்தக் கரையில் வந்து இறங்கினார். தமிழ் படித்தார். மறு வருஷமே பெண் பிள்ளைகளுக்கு என்று ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். தமிழ் எழுத்தில் அச்சடித்துப் புதிய ஏற்பாட்டை 1715-ல் வெளியிட்டார். இதெல்லாம் நாங்கள் ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். அங்கே போய் நின்றபோதுதான் வேறு ஒன்று மனசில் பட்டது.

அந்தச் சபைக்கு இது முதல் ஆலயம் இல்லை. முதல் ஆலயத்தை 1707-ல், ரெண்டே மாசத்தில் சின்னதாகக் கட்டி, ஆகஸ்ட் 14-ஆம் தேதி பிரதிஷ்டை செய்தார்கள். இன்றைக்கு அது இல்லை. கடல் கொண்டு போய்விட்டது என்கிறார்கள். பத்து வருஷம் கழித்து, 1717-ல் ராஜ வீதியில் புது ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1718 அக்டோபர் 11-ஆம் தேதி பிரதிஷ்டை. சிலுவை வடிவக் கட்டடம். முகப்பில் டென்மார்க் ராஜாவின் முத்திரையும் 1718 என்ற வருஷமும் இன்றைக்கும் தெரிகிறது. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய ஐயர் அதற்கப்புறம் நாலு மாசம்தான் உயிரோடு இருந்தார். 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயசில் காலமானார். அதே ஆலயத்துக்குள்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். கட்டியவர் அனுபவித்தது நாலு மாசம். அவருக்கு அப்புறம் முன்னூறு வருஷமாக யார் யாரோ வந்து அந்தப் பெஞ்சுகளில் உட்காருகிறார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அந்த ஊரையும் அடித்தது. ஆலயம் சேதமாயிற்று. ஆனால் இடித்துப் போடவில்லை. சுமார் 70 லட்சம் ரூபாய் செலவில் பழுது பார்த்து, 2011-ல் மறுபடியும் பிரதிஷ்டை செய்தார்கள். இன்றும் ஆராதனை நடக்கிறது.

சுண்ணாம்பு சொன்ன பாடம்

எங்களோடு திருவாரூரிலிருந்து தெரிந்த என்ஜினீயர் ஒருவரும் வந்திருந்தார். ஆலயத்துச் சுவரைத் தொட்டுக் காட்டி எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பை ஊற வைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் உப்புப் பூத்துப் பொரிந்து பொரிந்து விழும். "உங்க கோயில்ல ஜன்னலுக்குக் கீழ பொரிஞ்சு விழுதுன்னீங்களே, அங்க யாரோ சிமெண்ட் பூசியிருப்பாங்க" என்றார். உண்மைதான். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் 'நல்லது' என்று நினைத்து நாங்களே பூசியதுதான்!

இன்னொன்றும் சொன்னார். நம் பக்கம் களிமண் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் ஊறி உப்பும். அதனால்தான் சுவரில் விரிசல் வருகிறது. ஓட்டுக் கூரைக்கு என்று போட்ட பழைய அஸ்திவாரத்தின் மேல் கான்கிரீட் தளத்தை ஏற்றினால் தாங்காது. ஓட்டுக்கூரையே மறுபடி போடலாம். இல்லையென்றால் பக்கத்தில் தனியாக அஸ்திவாரம் போட்டுத் தனிக் கட்டடம் கட்டலாம். ரெண்டையும் குழப்பக்கூடாது என்றார்.

அந்த ஆலயத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் நான், "இவ்வளவு வருஷம் எப்படிங்க நிக்குது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "விட்டா விழுந்துடும்மா. விடாம பாத்துக்கிறதுதான்" என்றார்.

வீட்டையும் அப்படித்தானே நாம் பார்த்துக்கொள்கிறோம்? ஓடு விலகியதும் மாற்றினால் ஒரு ஓட்டோடு போகும். விட்டுவிட்டால் ரீப்பர், கைமரம், விட்டம் என்று வரிசையாகப் போகும். எங்கள் ஆலயம் கஜாவில் போகவில்லை. கஜாவுக்கு அப்புறம் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு சும்மா இருந்த வருஷங்களில்தான் போயிற்று.

சீட்டில் எழுதியவை

திரும்பி வந்த மறு ஞாயிறு கூட்டத்தில் நான்தான் எழுந்து கேட்டேன். கை கால் எல்லாம் நடுங்கிற்று. "ஐயா, எவ்வளவு செலவுன்னு கேக்கறதுக்கு முன்னால, யார் யாருக்கு என்ன வேணும்னு ஒருதடவ கேட்டுடலாமா?" என்றேன். ஆளுக்கு ஒரு சீட்டு, பேர் போட வேண்டாம், எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தரட்டும் என்று முடிவாயிற்று.

சீட்டுகளைப் படித்தபோது எல்லோருக்குமே ஆச்சரியம். 'பெரிய கோபுரம்' என்று ஒரே ஒரு சீட்டு. 'பழைய பலிபீடத்தைத் தொடாதீர்கள்' என்று பதினொன்று. 'வரி போடாதீர்கள்' என்று பதினாறு. 'பெண்களுக்குக் கழிப்பிடம்' என்று முப்பதுக்கு மேல்!

சகோதரிகளே, இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. பண்டிகை நாளில் காலை எட்டு மணிக்கு வந்தால் மத்தியானம் வரைக்கும் ஆலயத்தில்தான் இருக்கிறோம். ஒதுங்க இடம் இல்லாததால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வருகிறோம். கர்ப்பிணிகளும் அப்படித்தான். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனவர்கள் எங்கள் சபையிலேயே மூன்று பேர். இத்தனை வருஷம் ஒரு கூட்டத்திலும் இதை யாரும் பேசவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

இன்னும் என்னென்ன இருந்தன என்றால்: முழங்கால் வலிக்காரர்களுக்குப் படிக்குப் பதில் சரிவுப் பாதை, பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவு, சாயந்திரம் பிள்ளைகள் படிக்க விளக்கோடு ஓர் இடம். ஒரு சீட்டில் மட்டும், 'அடுத்த புயலுக்கு எங்கே போவது?' என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது.

இப்போது

அந்த ஒரு கேள்விதான் ரெண்டு கட்சியையும் ஒன்றாக்கிற்று என்று சொல்லலாம். பழைய ஆலயத்துக்கு நல்ல மரத்தில் கைமரம் போட்டு ஓட்டுக் கூரையே மறுபடியும். சுவரில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. பக்கத்துக் காலியிடத்தில் தனி அஸ்திவாரம் போட்டு, தரையை உயர்த்தி, ஒரு கான்கிரீட் கூடம். சாதாரண நாளில் பிள்ளைகள் படிக்க, புயல் வெள்ளத்தில் ஊரார் யாராக இருந்தாலும் தங்க. அதோடு சேர்ந்தாற்போல் கழிப்பிடம். வேலையை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறோம். முதலில் கழிப்பிடமும் கூரையும், பிறகு சுவர், கடைசியில் கூடம்.

வரி கிடையாது. அவரவர் மனசுப்படி காணிக்கை. பணம் முடியாதவர்கள் உழைப்பு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயர் எழுதுவதில்லை. வரவும் செலவும் மட்டும் மாசா மாசம் வெளியில் ஒட்டப்படும். இது எங்கள் பக்கத்து வீட்டம்மா சொன்ன யோசனை என்று நான் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன்.

இந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புதிதாக வழிபாட்டுத் தலம் கட்டுவதென்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். எனவே கடப்பாரையைத் தூக்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சபைக்கு மேலே இருக்கும் நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். பழைய தேவாலயங்களைப் பழுது பார்க்கத் தமிழ்நாடு அரசு நிதி உதவி செய்கிறது. ஆலயம் சொந்தக் கட்டடமாக, பத்து வருஷத்துக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி உதவி பெறாததாகவும் இருக்க வேண்டும். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். பத்திரம், வரி ரசீது, வரைபடம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். எங்களுடைய பழைய பத்திரத்தைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஆயிற்று.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பெரிசாகக் கட்டவில்லை என்று ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு ஆராதனைக்கு வருவதில்லை. நாங்கள் பெண்கள் ரெண்டு தடவை போய்ப் பேசிவிட்டு வந்தோம். இன்னும் போவோம். மூன்றாவது கட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்றும் இப்போதைக்குத் தெரியாது.

ஆனால் கழிப்பிடம் முடிந்துவிட்டது. சென்ற பண்டிகைக்கு ஒரு குடம் தண்ணீரும் டம்ளரும் வாசலில் வைத்தோம். பெண்கள் வயிறு நிறையக் குடித்தார்கள். வரி போட்டால் போய்விடுவோம் என்று சொன்னாளே, அந்தப் பெண்தான் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கூரை வேலைக்கு மரம் வந்து இறங்கியிருக்கிறது. கழற்றிய பழைய ஓடுகளில் உடையாதவற்றைப் பெண்கள் தேய்த்துக் கழுவி, அடுக்கி வைத்திருக்கிறோம். எண்ணூற்றுச் சொச்சம் தேறும்.